மூச்சுவிடாத டிஸ்க்

கம்ப்யூட்டர் ரிப்பேரில் காதுதான் எனக்கு முதல் கருவி, சுற்றாத டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. வந்ததும் அதற்கு வேலை போயிற்று. பழைய ஹார்ட் டிஸ்க் கிர்ரென்று சுற்றும். சாகப்போகிறதென்றால் டக் டக்கென்று பெரும்பாலும் முன்பே சொல்லிவிடும். எஸ்.எஸ்.டி. வாயே திறக்காது. ‘சிஸ்டம் ஸ்லோ’ என்று கடை கடையாக ஏறி இறங்கியவர்களே, கோரிப்பாளையத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ரஹீம் பாயின் பாடு உங்களுக்குப் புரியும்.

டீ ஆறுமுன்னே

பாய் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்தாலும் அது முழித்திருக்காது. காளவாசலில் இருக்கும் என் கடைக்குக் கொண்டுவந்தார். ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினேன். கழற்றியதை அவரிடமே கொடுத்தேன். அது என் வழக்கம்.

பட்டனைத் தட்டினார். டீ கிளாஸ் உதட்டைத் தொடுமுன் திரை வந்துவிட்டது. எத்தனையோ பேருக்கு மாற்றியிருக்கிறேன், எனக்கே இன்னும் புல்லரிக்கிறது. நகம் அளவுச் சில்லுகள். உள்ளே எதுவும் அசைவதில்லை. அத்தனை கல்யாணமும் அதற்குள். பாய் பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார். “அண்ணே, மூச்சே கேக்கலையே. உசுரோட இருக்கா?”

வெள்ளிக்கிழமைச் சுத்தம்

சில மாதம் கழித்து டிஸ்க்கின் ஆயுளைப் பார்த்தேன். தேய வேண்டியதைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது. விசாரித்தால், ஜும்மாவுக்குக் கடை அடைக்குமுன் சிதறிய ஃபைல்களை ஒன்றாக அடுக்கும் பழைய டீஃப்ராக் சாஃப்ட்வேரை வாராவாரம் ஓடவிட்டிருக்கிறார். கடையோடு கம்ப்யூட்டரையும் கூட்டிப் பெருக்குகிறாராம்.

சுற்றும் டிஸ்க்குக்குத்தான் அது வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் ஃபைல் எந்த மூலையில் சிதறிக் கிடந்தாலும் உடனே கைக்கு வரும். ஆனால் இத்தனை தடவைதான் எழுதலாம் என்று கணக்கு உண்டு. வீணாக இடம் மாற்றினால் அந்தக் கணக்குதான் கரையும். விண்டோஸே செய்யும் பராமரிப்பு போதுமென்று சொல்லி, அந்த சாஃப்ட்வேரை எடுத்துவிட்டேன். பாய் தலையில் கைவைத்தார். “அப்ப இம்புட்டு நாளும் நான் கூட்டல, தரையத் தேச்சிருக்கேன்!”

அத்தாவின் எழுத்து

அடுத்த கல்யாண சீசனில் டிஸ்க் நிறைந்து மறுபடி ஸ்லோ. உள்ளே இடம் மாற்றி எழுத அதற்குக் கொஞ்சம் காலியிடம் வேண்டும்; அடைத்து வைத்தால் காளவாசல் சிக்னல் நெரிசல்தான். வேண்டாததை அழிக்கச் சொன்னேன். மறுநாள் பாய் முகம் வெளிறி வந்தார். பழைய ஃபோல்டர்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்திருக்கிறார். அவர் அத்தா, அதாவது அப்பா, கைப்பட எழுதி, ஸ்கேன் செய்து வைத்திருந்த பிஸ்மில்லா அதில் போய்விட்டது. அவர் அடிக்கும் ஒவ்வொரு நிக்காஹ் பத்திரிகையின் தலையிலும் இருப்பது அதுதான். அத்தா இல்லை, எழுதிய தாளும் மழையில் போயிற்று.

ஹார்ட் டிஸ்க்கில் அழித்தது, மேலே வேறு எழுதும்வரை அப்படியே கிடக்கும். எஸ்.எஸ்.டி.யோ, விண்டோஸ் ‘இது வேண்டாம்’ என்றதும், அடுத்து எழுத வேகம் குறையாதிருக்கத் தானே துடைத்து வைத்துக்கொள்ளும். ட்ரிம் என்று பெயர். தேடிப் பார்த்தேன், வெறும் வெளி. அந்தச் சுத்தத்தைப் பார்க்க எனக்கு வியப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தன. பாய் மெதுவாகக் கேட்டார்: “ஒரு புள்ளி கூடவாண்ணே மிச்சம் வைக்காது?”

பேப்பர் வெயிட்

“பாய், அன்னைக்குக் கழட்டிக் குடுத்தேனே, அது எங்க?”

ஃபேன் காற்றில் பத்திரிகை பறக்காமலிருக்க மேலே வைத்திருக்கிறாராம். ஓடிப்போய் எடுத்துவந்தார். வயரை மாட்டினேன். இருவரும் காதைக் கிட்டே கொண்டுபோனோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கிர்ர்ர். படம் மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கி வந்தது. பாய் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் காதை அங்கேயே வைத்திருந்தார். “மூச்சு விடுதுண்ணே!”

டிஸ்க் சத்தம் போடாவிட்டாலும் வேண்டியதை இரண்டு இடத்தில் வையுங்கள். எல்லாருக்கும் பாய் மாதிரி பேப்பர் வெயிட் வாய்க்காது.