ஆறு விரல் மலைக்காரி

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே பழைய துண்டில் சுற்றிய ஒரு கறுப்புப் பலகையும் வந்தது. காய் நறுக்கும் பலகை என்று நினைத்து அம்மா அதை அடுப்படியில் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள். மறுநாள் காலையில் அண்ணி அதைக் கண்டதும் பதறிப்போய் எடுத்துத் துடைத்தாள். "அத்தை, இது படம் வரையறதுங்க. கம்ப்யூட்டர்ல மாட்டி, இந்தப் பேனாவுல வரஞ்சா அங்க தெரியும்" என்றாள். அம்மா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேனா பட்டுப் பட்டு அதன் நடுப்பகுதி தேய்ந்து பளபளத்தது. "அப்ப கீரை அரியறதுக்கு ஆகாதா கண்ணு?" என்று கேட்டாள். அவள் விளையாட்டுக்குக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணி ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்பு சேலத்தில் ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில் டிசைனராக இருந்தாள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுவதும் முகங்களோடுதான் வேலை. "செத்தவங்க மூஞ்சிக்குக் கொஞ்சம் வெளிச்சம் ஏத்தணும் பாப்பா, உசுரோட இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் கொறைக்கணும். அப்பத்தான் பாக்கறவங்களுக்கு நெஜமா இருக்கும்" என்பாள். அண்ணன் ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் ஜீப் ஓட்டுநர். அம்மா அதே எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போவாள். நான் கல்லூரி முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். எஸ்டேட் ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய, இரண்டு அறை கொண்ட லைன் வீட்டில் நாங்கள் நால்வர். கடையை விட்டுவிட்டு மலைக்கு வந்த அண்ணிக்கு, பகல் வேளைகளில் வீட்டு வேலை முடிந்ததும் கை சும்மா இருக்காது. அவளுடைய பழைய லேப்டாப்பைச் சன்னலோரம் வைத்து, அந்தப் பலகையை மடியில் போட்டு வரைய ஆரம்பித்துவிடுவாள். அவள் வரைந்ததெல்லாம் சூப்பர் ஹீரோக்கள்.

இணையத்தில் தொடராக வந்துகொண்டிருந்த ஒரு காமிக்ஸுக்குப் பைத்தியமாக இருந்த தமிழ் ரசிகர்களின் குழு ஒன்று இருந்தது. மலேசியா, கொழும்பு, கோயம்புத்தூர் என்று எங்கெங்கோ இருந்தவர்கள். அந்தக் கதையின் உலகத்துக்குள் தங்கள் சொந்த வீரர்களைப் படைத்து உலவ விடுவது அவர்களுடைய விளையாட்டு. நன்றாக வரைகிறவர்களுக்குக் குழுவிலேயே கடை போட இடம் கொடுப்பார்கள். போன் திரைக்கான படங்கள், சுவரில் ஒட்டும் போஸ்டர்கள், கேட்கிறவர்களின் முகத்தையே வைத்து வரையும் வீரர்கள் என்று எல்லாம் விற்கும். அண்ணியின் கடையில் அதிகம் விலைபோனவள் மலைக்காரி. பனிமூட்டமாக இறங்கும் மஞ்சைத் துணி மாதிரி இழுத்து மலையின் மேல் மூடி, துரத்தப்படுகிறவர்களை மறைத்துக் காப்பாற்றுகிறவள். மற்ற வீரர்களுக்கெல்லாம் பட்டுப்போன்ற அங்கி பறக்கும். மலைக்காரிக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. போனில் அதைப் பார்த்த அம்மா, "இத்தன உசரத்துல பறந்தா குளுரும் கண்ணு. ஒரு கம்பளி போட்டு உடு" என்றாள். அண்ணி சிரித்துக்கொண்டே அங்கியை அழித்துவிட்டுக் கறுப்புக் கம்பளியை வரைந்தாள். அந்தக் கம்பளிக்காகவே குழுவில் அவளைக் கொண்டாடினார்கள்.

வீட்டில் சிக்னல் கிடைக்காது. மாரமங்கலம் பஸ் திரும்பும் மேட்டில் ஒரு பழைய சர்ச் இருக்கிறது. அதன் குட்டை மதிலில் உட்கார்ந்தால்தான் படம் ஏறும். சாயங்காலங்களில் நானும் அண்ணியும் அங்கே போவோம். அவள் படங்களை ஏற்றுவாள். வாங்க விரும்புகிறவர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. போஸ்டர்களை அவளுடைய பழைய கடையில் அச்சடித்து வரவழைத்து, நான் ஏற்காடு தபால் ஆபீசில் அனுப்பிவிட்டு வருவேன். ஒரு படம் ஏறி முடிக்கும் வரை இருவரும் கால்களை ஆட்டிக்கொண்டு மதிலில் உட்கார்ந்திருப்போம். புதிதாக வந்த பெண்ணும் நாத்தனாரும் எத்தனையோ வீடுகளில் எதிரும் புதிருமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை. மலைக்காரி அடுத்து யாரைக் காப்பாற்ற வேண்டும் என்பதிலேயே எங்கள் பேச்செல்லாம் போய்விடும்.

மலைக்காரியின் இடது கையில் ஆறு விரல்கள். அது எங்கள் அம்மாவின் கை. அம்மாவுக்குப் பிறவியிலேயே இடது கையில் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு சின்ன விரல் உண்டு. சின்ன வயதில் யாரோ அதிர்ஷ்டம் என்றார்களாம். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் அதையே காரணம் சொல்லி எழுந்து போனார்களாம். அன்றிலிருந்து அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. கல்யாணப் போட்டோவில்கூட இடது கை தெரியாது. பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போதும் கோயிலில் பிரசாதம் வாங்கும்போதும் ஒற்றைக் கையால்தான். பழம் பறிக்கும்போது மட்டும் இரண்டு கையும் வெளியே வரும். காப்பிச் செடிகளுக்குள் அது யார் கண்ணுக்கும் தெரியாது. அண்ணி வந்த புதிதில் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலில் படுத்தாள். அம்மா தன்னை மறந்து, அந்தக் கையாலேயே அவள் தலையைக் கோதிவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அண்ணி முதலில் வரைந்தது மலைக்காரியின் கையைத்தான். மஞ்சை இழுக்கிற அந்தக் கை. அம்மாவுக்கு இது தெரியாது. போனின் சின்னத் திரையில் அவள் கண்ணுக்குக் கம்பளிதான் தெரிந்தது.

கம்ப்யூட்டர் தானாகவே வரைந்து தரும் ஏஐ படங்கள் எல்லாக் குழுக்களிலும் புகுந்துகொண்டிருந்த சமயம் அது. எங்கள் குழுவில் அவற்றுக்குத் தடை. அப்படிப்பட்ட படங்களில் விரல்கள் கூடுதலாகிவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒரு சாயங்காலம் மதிலில் உட்கார்ந்து போனைத் திறந்தபோது, அண்ணியின் புதிய போஸ்டருக்குக் கீழே யாரோ "விரலை எண்ணிப் பாருங்க" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே சிரிப்புகள். அதற்கும் கீழே, காசு கொடுத்து வாங்கியவர்களின் கோபம். இரண்டு நாளில் அட்மின் அவளுடைய கடையை மூடிவிட்டார். அவர் எங்கோ வெளிநாட்டில் இருந்த, மரியாதையாகப் பேசுகிற மனிதர். கைப்பட வரைந்ததற்கு ஆதாரமாக, கோடு, நிறம், நிழல் என்று படத்தின் அடுக்குகளைத் தனித்தனியாக அனுப்பச் சொன்னார். அண்ணியின் லேப்டாப்பில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. வரைந்து முடித்ததும் அடுக்குகளை ஒன்றாக்கிவிட்டு மற்றதை அழித்துவிடுவாள். அதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. கடைசியில் அட்மினே ஒரு வழி சொன்னார். அந்தக் கூடுதல் விரலை எடுத்துவிட்டுப் படத்தை மறுபடி போட்டால், தவறுதலாக நடந்தது என்று அறிவித்துவிட்டுக் கடையைத் திறந்துவிடுகிறேன் என்றார்.

"ஒரு வெரலுதானே, அழிச்சுட்டுப் போயேன்" என்றான் அண்ணன். அவனுக்கு அவள் முகம் வாடியிருந்ததுதான் வருத்தம். அண்ணி தலையாட்டவில்லை. "அஞ்சு வெரலு வெச்சா அது வேற ஆளுங்க" என்று மட்டும் சொன்னாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா கையை ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் எல்லோர் வாயும் அடைபட்டுவிடுமே என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "அத்தையக் கேக்காம ஒரு தடவ அந்தக் கைய எடுத்துட்டேன் பாப்பா. அவங்க மறைக்கறத நான் ஊருக்கே காட்டி வித்திருக்கேன். அதுவே தப்பு. இன்னொரு தடவ மாட்டேன்" என்றாள். அதன் பிறகு சில நாட்கள் பலகை துண்டுக்குள்ளேயே கிடந்தது. அவள் அரிசி புடைத்தாள், துணி துவைத்தாள், என்னோடு சிரித்துப் பேசவும் செய்தாள். சாயங்காலமானால் மட்டும் மேட்டுப் பக்கம் பார்க்காமல் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன் கண்ணு, இப்பல்லாம் அந்தப் பலகைய எடுக்கறதே இல்ல?" என்று ஒரு மதியம் சோறு போடும்போது அம்மா கேட்டாள். அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அண்ணன்தான் பொறுக்காமல் சொல்லிவிட்டான். "உன் கையத்தான் வரஞ்சிருக்கா. ஆறு வெரலு பாத்துட்டு, இவ வரையல, மெஷினு வரஞ்சதுன்னு சொல்றானுங்க." அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். இடது கை தானாக முந்தானைக்குள் போயிற்று. நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம். அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணி பின்னாலேயே போய் நின்று, "அத்தை, மன்னிச்சுக்கங்க" என்றாள். அம்மா திரும்பாமல், "அந்தப் படத்தக் காட்டு" என்றாள். லேப்டாப் திரையில் முழுப் படத்தையும் அன்றுதான் அம்மா பார்த்தாள். கம்பளி, காப்பிப் பூ, பள்ளத்தாக்கு, மஞ்சைப் பிடித்து இழுக்கிற கை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "நொம்ப தடியா இருக்குது வெரலு" என்றாள். 

அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் பார்க்கும்படி நேரலையில் வரைந்து காட்டுகிறேன் என்று அண்ணி குழுவில் அறிவித்தாள். விரலை என்ன செய்யப்போகிறாள் என்று எங்களிடம்கூடச் சொல்லவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மதிலில் லேப்டாப்பை வைத்தோம். நான் போனைப் பிடித்துக்கொண்டேன். தூறல் விழுந்தால் பிடிப்பதற்கென்று அம்மாவும் குடையோடு வந்திருந்தாள். குழுவில் பலர் நேரலைக்குள் வந்தார்கள். அண்ணி மலையின் விளிம்பை ஒரே கோடாக இழுத்தாள். தலை, தோள், கம்பளி எல்லாம் வரிசையாக வந்தன. எழுதிக் கேலி செய்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார்கள். இடது கைக்கு வந்ததும் அவள் பேனா நின்றது. "இப்ப எத்தனை விரல் போடுவீங்க?" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் அதை வாய்விட்டு வாசிக்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் குடையை மடக்கி மதிலில் சாய்த்தாள். முந்தானையிலிருந்து கையை எடுத்து, பலகைக்குப் பக்கத்தில், போனுக்கு நேராக, மதிலின் மேல் விரித்து வைத்தாள். கறை ஏறிய, நகம் தேய்ந்த கை. "பாத்து வரை கண்ணு" என்றாள். "அந்தச் சின்ன வெரலு கொஞ்சம் உள்ளுக்குள்ள சாஞ்சிருக்கும். நீ நேரா வரஞ்சுட்டே."

போனில் எழுத்துகள் நின்றுபோயின. சிக்னல் போய்விட்டதோ என்று நான் பயந்தேன். போகவில்லை. யாரும் எதுவும் எழுதவில்லை, அவ்வளவுதான். அண்ணி அழுதுகொண்டே வரைந்தாள். "அளுதா கோடு கோணிப் போயிரும்" என்று அம்மா அதட்டினாள். படம் முடியும் வரை கையை எடுக்கவில்லை. அட்மின் அன்றே மன்னிப்புக் கேட்டு எல்லோருக்கும் எழுதினார். கடை திறந்தது. அந்தப் படத்தைக் கேட்டு வந்தவர்களுக்கு அனுப்பி மாளவில்லை. "ஏ சாமி, என் கைய யாராரு ஊட்டுச் செவுத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க?" என்று அம்மா கேட்பாள். கொழும்பு, பினாங்கு என்று நான் ஊர்களைச் சொல்லச் சொல்ல, தான் போகாத ஊரையெல்லாம் சுற்றி வந்ததைப்போலக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் டவுனுக்குப் போகும் பஸ்ஸில், அவள் இடது கையை நீட்டி டிக்கெட் வாங்குவதைப் பார்த்தேன். நடத்துநர் கவனிக்கவே இல்லை.

அந்தக் குழுவில் இருந்த ஒருவர் மூலமாகத்தான் அண்ணிக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கேம்கள் உருவாக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அண்ணனும் அங்கேயே வண்டி ஓட்டப் போய்விட்டான். குழந்தை பிறந்ததும், பார்த்துக்கொள்ள அம்மாவையும் அழைத்துப்போனார்கள். எல்லாம் நல்லதற்குத்தான். எனக்கு இங்கே பள்ளிக்கூட ஆபீசில் வேலை. கல்யாணமாகி மாரமங்கலத்தில் இருக்கிறேன். எங்கள் லைன் வீட்டில் இப்போது வடக்கேயிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தக் குழுவும் மெல்லக் கலைந்துவிட்டது. காமிக்ஸ் நின்றதும் ஆளாளுக்கு வேறிடம் போனார்கள். எப்போதாவது அதைத் திறந்து பார்ப்பேன். அண்ணியின் கடை இன்னும் அப்படியே இருக்கிறது. வாங்கத்தான் யாருமில்லை.

போன வாரம் மேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணியை வீடியோவில் கூப்பிட்டேன். கம்பெனியில் அவளுக்கு வானமும் மேகமும் வரைகிற வேலையாம். ஆட்களை வேறு யாரோ வரைகிறார்களாம். "மலைக்காரிய வரையறீங்களா அண்ணி?" என்றேன். "ஊட்டுக்கு வந்தா கண்ணு எரியுது பாப்பா" என்றாள். பிறகு, "அங்க மஞ்சு எறங்கிருச்சா?" என்று கேட்டாள். இறங்கியிருந்தது. "கொஞ்சம் காட்டேன்" என்றாள். போனைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பினேன். மரமும் தெரியவில்லை, பாதையும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "என்ன கண்ணு தெரியுது?"

"ஒண்ணும் தெரியலீங்க அத்தை."

"அப்பறம் எதுக்குப் பாத்துட்டு நிக்கறே?"

 செருப்பில்லாத கால்கள் நடந்துவரும் சத்தம் கேட்டது. அம்மாவும் வந்து நின்றுகொண்டாள் போலிருக்கிறது. இரண்டு பேர் மூச்சு விடுவது கேட்டது. மாரமங்கலம் பஸ் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு மஞ்சுக்குள்ளிருந்து வந்தது. நான் போனைத் திருப்பாமல் பிடித்திருந்தேன், கை காட்டவில்லை. அது என்னைத் தாண்டிப் போயிற்று.