பெயிண்டுக்கு அடியில்

கோவை உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் யாகூப் பாய் லாரி அச்சைப் பார்த்து "ஓடும்" என்றால் ஓடும். முப்பது வருடப் பேர் அது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். விரிசல் இருந்தால், உள்ளே தங்கிய எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு போடும்.

இரும்பு ஒரே நாளில் முறிய அது முருங்கைக் கிளையா என்ன? வால்பாறை மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் அச்சு வளைந்து நிமிர்கிறது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இரும்புக்குள் இருக்கும் பொடிமணிகளும் அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, ஓரிடத்தில் விட்டுப்போகின்றன. பிறகு விரிசல் தினமும் கொஞ்சம் உள்ளே போகும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், தேயிலை ஏற்றும் காளிச்சாமி இரண்டு லாரிகளைக் கொண்டுவந்தார். ஒன்று அவர் ஓட்டுவது, இன்னொன்று மகன் கதிர் ஓட்டுவது. இரண்டும் ஒரே சமயத்தில் வாங்கியவை. அச்சு வரைக்கும் புதுச் சிவப்புப் பெயிண்ட்.

"பாய், சொரண்டிப்போடாதீங்க. நாளைக்குப் பொட்டு வெக்கோணும். மேலாப்புல பாத்துடுங்க."

பாய் இரண்டு வண்டியிலும் பெயிண்டுக்கு மேலேயே எண்ணெய் தடவினார். கோடு வரவில்லை. வராது என்று தெரியாதவரா அவர்? நல்ல நாள், இருபது வருடப் பழக்கம், முகத்தை முறிக்க மனம் வரவில்லை. "ஓடும்ங்க" என்றார்.

பன்னிரண்டாம் நாள் மலைப்பாதையில் லாரி உருண்டு காளிச்சாமி இறந்தார். பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். பாய் அதை நம்ப ஆசைப்பட்டார்.

ஒரு மாதம் கழித்து, ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்த அச்சுத் துண்டை ஆட்டோவில் ஏற்றிவந்தாள் காளிச்சாமியின் மனைவி தெய்வாத்தாள். துண்டின் முறிந்த முகத்தைப் பாய் துடைத்தார். முக்கால் பங்கு, மரம் அறுத்த இடம்போல வரிவரியாக வழவழத்தது. அது பழைய முறிவு. அதன் வாயில் சிவப்புப் பெயிண்ட் இறங்கிக் காய்ந்திருந்தது.

"ஏனுங்க பாய், அன்னைக்கே தெரிஞ்சிருக்குமாங்க?"

காளிச்சாமிதான் வேண்டாமென்றார் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை.

"சொரண்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்ங்க அம்மணி. நாந்தான் சொரண்டாம உட்டுட்டேன்."

அவள் முகம் வெளுத்தது. "கதிரு இப்பத்தானுங்க மலைக்குக் கெளம்புனான்!"

பாய் கதிரைப் போனில் பிடித்து, ஆழியாறு செக்போஸ்டிலேயே லாரியை நிறுத்தச் சொன்னார். அங்கே போய், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பெயிண்டைச் சுரண்டினார். எண்ணெய் தடவித் துடைத்து, பொடி தூவித் தட்டினார். இரண்டு விரல் நீளத்துக்குக் கோடு வந்தது.

கதிர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான்.

"எங்கப்பனையும் இப்பிடி நிறுத்தியிருக்கலாமுங்களே, பாய்?"