இரண்டாவது தட்டு

படித்துவிட்டு, "தூக்கக் கலக்கம்" என்று சொல்லத் தோன்றும். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தேன். நடந்தது பட்டப்பகலில். மதியம் 2.10 முதல் 2.50 வரை. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

உயிருள்ள செல்லுக்குள் புரதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் ஆய்வகத்தின் வேலை. புரதம் பெரியது, செல்லின் சவ்வைத் தானாகத் தாண்டாது. அதனால் பாலிமரில் பொதிந்து அனுப்புவோம். சுமந்துபோய் உள்ளே இறக்கிவிடுவதால், பாலிமருக்கு எங்கள் டெக்னீஷியன் வைத்த பெயர் போர்ட்டர்.

என் அக்காவின் உடம்பில் ஒரு புரதம் உருவாகவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் இறந்துபோனாள். அவள் தோலிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் எங்களிடம் வளர்ந்துகொண்டிருந்தன. அவள் மகள் பாப்பாவுக்கும் அதே குறை. ஏழு வயது. அன்றைய சோதனை தேறினால்தான் அவளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் பேச்சே எழும்.

"நீயேதான் செய்யணுமா? மனசு தாங்குமாடி?" என்றாள் அம்மா.

தாங்கும் என்றேன். அக்காவை வேறு யாரும் தொடக் கூடாது என்ற பிடிவாதம்தான். அவள் இருந்தபோது எனக்கு அவ்வளவு ஒட்டுதல் இருந்ததில்லை.

இரண்டு தட்டுகள். இரண்டிலும் அக்காவின் செல்கள், பச்சையாக ஒளிரும் புரதம். புரதம் உள்ளே போன செல்தான் பச்சையாகத் தெரியும். முதல் தட்டில் போர்ட்டர் உண்டு. இரண்டாவதில் இல்லை. முதலாவது ஒளிர வேண்டும். இரண்டாவது இருட்டாகவே இருக்க வேண்டும். அதுவும் ஒளிர்ந்தால், போர்ட்டர் இல்லாமலே புரதம் புகுந்தது என்றாகிவிடும்; சோதனை செல்லாது.

2.10. மைக்ரோஸ்கோப் அறையின் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தேன். கருவி நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். டிக்.

முதல் தட்டு மெல்லப் பச்சையானது. எனக்கு அழுகை வந்தது.

2.21. இரண்டாவது தட்டின் ஓரத்தில் ஒரு செல்... பச்சை.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான்கு. பத்து... மூக்கில் லேசான நெடி. அக்காவைக் கடைசியாகக் கிடத்தியிருந்த அறையின் நெடி.

2.30. எல்லாமே பச்சை.

2.34. நகர்ந்தன. செல்கள் நகரும்தான். மணிக்கணக்கில், மயிரிழை அளவு. இவை ஓரங்களிலிருந்து நடுவுக்கு வந்தன...

நான் பார்க்கும் இடத்துக்கு.

டிக்.

"அக்கா... புரதத்த உள்ள வாங்காதக்கா. பாப்பாவுக்காக," என்றேன்.

2.41. டிக்.

ஒன்று அணைந்தது.

இன்னொன்று.

பிறகு... இருட்டு.

மறுநாள் காலை டெக்னீஷியன் வந்து நின்றார். முகம் செத்திருந்தது.

"மேடம், திட்டாதீங்க. நேத்து பதினொண்ணே காலுக்கு உங்க ரெண்டாவது தட்டுல பார்மலின் ஊத்திட்டேன். பக்கத்துல இருந்த வேற தட்டுன்னு நெனச்சு... பயத்துல கழுவித் திரும்ப வச்சுட்டேன்."

பிணம் கெடாமலிருக்கப் பயன்படுத்தும் திரவம் பார்மலின். பட்டால் செல் செத்துவிடும். உருவம் மட்டும் அப்படியே நிற்கும்.

"செத்ததுக்குள்ள போர்ட்டர் இல்லாமலே எல்லாம் புகுந்துருக்கும். பச்சைப்பசேல்னு இருந்துருக்குமே?"

"இருந்துச்சு. அப்புறம் அணைஞ்சிடுச்சு."

"சும்மா இருங்க மேடம். செத்ததுல ஒட்டினா ஒட்டினதுதான். கழுவினாலே போகாது. தானா எப்படி அணையும்?"

அவர் போனபின் எல்லாப் படங்களையும் ஓட்டிப் பார்த்தேன். பச்சையானது, நகர்ந்தது, அணைந்தது... எல்லாம் பதிவாகியிருக்கிறது. செத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆன செல்கள்.

அறிக்கைக்குக் கடைசிப் படம் ஒன்று போதும். முதல் தட்டு பச்சை. இரண்டாவது இருட்டு. யாராலும் குறை சொல்ல முடியாத படம். செத்த தட்டை வைத்துச் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். மறுபடி செய்ய, புரதம் படாத அக்காவின் செல் ஒன்றுகூட மிச்சமில்லை.

பாப்பாவின் டாக்டர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். எடுக்கவில்லை.

நான் கேட்டதை அக்கா கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொள்ளத்தான் பயமாக இருக்கிறது.