ஜீப்பை இறக்க ஒரு மறுகுரல்

ஜீப்பை விற்றுவிடச் சொல்லி என் மகள் கோயம்புத்தூரிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்வாள். முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரிக்காட்டு மண்பாதைகளில் நானும் என் மனைவியும் குலுங்கிக் குலுங்கிப் போய்வந்த வண்டி அது. மனைவி இறந்த பிறகு சுரங்கக் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நின்றது. “தனியா அதை வச்சுக்கிட்டு என்னப்பா பண்ணப்போறீங்க?” என்பாள் மகள். வண்டியைப் பற்றித்தான் கேட்டாள். என்னைப் பற்றிக் கேட்டதுபோல் எனக்குச் சுருக்கென்றது. தேய்ந்துபோன நான்கு சக்கரங்களையும் ஒற்றை ஆளாக மாற்றிவிட்டால் வண்டி இருக்கட்டும், முடியாவிட்டால் விற்றுவிடலாம் என்று எனக்குள் பந்தயம் கட்டிக்கொண்டேன்.

பண்ருட்டியில் மண்ணைக் கவ்வும் பெரிய பட்டன் கட்டைகள் வைத்த டயர்களாகப் பார்த்து, புது ரிம்மில் ஏற்றி வாங்கிவந்தேன். கடையிலேயே மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். வீறாப்பாக வேண்டாமென்றேன். இத்தனைக்கும் எனக்குத் தெரிந்ததெல்லாம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டும் வேலைதான். சக்கரம் கழற்றுவதை வீடியோ பார்த்துத்தான் படித்தேன்.

வார ஓய்வு நாளில் ஆரம்பித்தேன். கியரில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்கு மரக்கட்டை வைத்தேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிக்கொண்டு, பிறகு ஜாக்கியில் தூக்கினேன். பழைய சக்கரம் சுலபமாக வந்துவிட்டது. புதுச் சக்கரம் என்னைவிடப் பிடிவாதம். கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பி, ஒருவழியாக ஓட்டைகளில் போல்ட்டைச் சேர்த்தேன். நட்டுகளை ஒன்று விட்டு ஒன்றாகக் கையால் முறுக்கினேன். இனி இறக்கி, அழுத்தி முறுக்க வேண்டியதுதான்.

“எறக்கலாமா?” என்று குரல் கொடுத்தேன்.

பெல்ட்டை ஓட்டும் முன் குரல் கொடுக்க வேண்டும், பெல்ட்டருகே நிற்பவரின் மறுகுரல் வந்தால்தான் பொத்தானில் கை வைக்க வேண்டும். சர்வீஸ் முழுக்க அப்படியே பழகிய கை. வீட்டில் பீரோவை நகர்த்தினாலும் குரல் கொடுப்பேன். “இது என்ன மைன்ஸா?” என்று கேலி செய்துகொண்டே மனைவி பதில் சொல்வாள்.

பதிலில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸெல்லாம் காலியாகிச் செடி மண்டிக் கிடந்தன. நான் இன்னொரு முறை கேட்டேன், ஏதோ யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதுபோல. ஜாக்கியில் கை வைத்தேன், கை அசையவில்லை. கழற்றத் தெரிந்தது, மாட்டத் தெரிந்தது, ஒரு வார்த்தை சொல்லத்தான் ஆளில்லை. மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

கடைசியில் மகளுக்குப் போன் போட்டேன். எறக்கலாம் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். எதை, எதற்கு என்று கேட்டாள். சொன்னேன்.

“எறக்கலாம்ப்பா.”

புது டயர் மெல்ல மண்ணில் உட்கார்ந்தது. நட்டுகளை அழுத்தி முறுக்கிவிட்டு, பந்தயத்தையும் அதில் நான் தோற்றுவிட்டதையும் அவளிடம் சொன்னேன். வண்டியை விற்றுவிடலாம் என்றேன்.

“மொதல்ல மீதி மூணையும் மாட்டுங்க,” என்றாள். “நான் லைன்லயே இருக்கேன்.”