அந்த அறைக்குள்ளை நிண்டவர்

தொண்ணூறுகளின்ரை நடுவிலை நாங்கள் நாடு விட்டு வந்து அஜின்கோர்ட் எண்ட இடத்திலை ஒரு அப்பார்ட்மென்ட்டிலை இருந்தனாங்கள். கிழமை நாளிலை எனக்கு ஃபக்டரி வேலை. சனி, ஞாயிறிலை எங்கடை சனத்தின்ரை அகதிக் கேஸ் கதைகளை இங்கிலிஷிலை டைப் அடிச்சுக் குடுப்பன். கேஸுக்கு இடைஞ்சலாய் ஒரு வரி வந்தால், "அண்ணை, உது வேண்டாம், உதை விடுங்கோ" எண்டு வெட்டிப்போடுவன். ஒரே ஒரு வரியாலை கேஸ் முறிஞ்ச ஆக்களை எனக்குத் தெரியும். அதாலை நான் பெரிய கெட்டிக்காரி எண்ட நினைப்பு வேறை.

எங்கடை கதவுக்கு எதிர்க் கதவிலை ஒரு மராட்டிக்கார அங்கிள் தனிய இருந்தவர். எழுபது தாண்டின மனுசன், கண் ரெண்டும் மங்கல். லிஃப்டுக்குள்ளை என்ரை கையிலை கிடந்த பேப்பர்க் கட்டைக் கண்டிட்டு, "சிஸ்டர், நான் கையாலை எழுதின புத்தகத்தையும் அடிச்சுத் தருவியளோ?" எண்டு இங்கிலிஷிலை கேட்டார். அவரின்ரை ஊர் முந்தி ஒரு சின்னச் சமஸ்தானமாம். விடிய மாட்டுவண்டில் கட்டினால் பொழுதுபட முன்னம் மற்ற எல்லைக்குப் போயிடலாமாம். அதுக்கொரு ராசா, ஒரு யானை, ஒரு பீரங்கி, எல்லாருக்கும் மேலை கும்பனியின்ரை வெள்ளைக்கார ஏஜென்ட். "அப்ப யானை தும்முறதெண்டாலும் ஏஜென்டிட்டைக் கேட்டுத்தானாக்கும்" எண்டன். அங்கிள் விழுந்து விழுந்து சிரிச்சார்.

ஆனால் அவர் எழுதினது யானைக்காக இல்லை. ராசாவுக்குப் பிள்ளை இல்லை. சாகக் கிடக்கேக்கை சொந்தத்துக்குள்ளை ஒரு குழந்தையைத் தத்தெடுத்தார். பெத்த தகப்பன் தூக்கிக் குடுக்க, ராசா மடியிலை வாங்கி வைச்சு வாயிலை சீனி போட்டார். அந்த அறைக்குள்ளை நிண்ட ஆக்களிலை ஒருத்தர் அங்கிளின்ரை பூட்டன், அரண்மனை எழுத்தர். ராசா கண்ணை மூடின பிறகு, தத்து நடந்ததுக்கு என்ன சாட்சி எண்டு ஏஜென்ட் கேட்டான். "நான் காணேல்லை" எண்டார் பூட்டன். வாரிசு இல்லையெண்டு ராச்சியம் கும்பனிக்குப் போச்சு. பூட்டனுக்குக் கும்பனியிலை பெரிய உத்தியோகம் கிடைச்சுது.

அந்தக் குழந்தையின்ரை வழியிலை வந்த ஒரு அம்மா எங்களுக்குப் பக்கத்து ஊரான யூனியன்வில்லிலை இருந்தா. அவவின்ரை கையிலை புத்தகத்தைக் குடுத்து மன்னிப்புக் கேட்டிட்டுத்தான் சாவன் எண்டு அங்கிள் நிண்டார்.

பூட்டனின்ரை பக்கம் வரேக்கை என்ரை விரல் நிண்டிட்டுது. கோதாரி, இந்த மனுசன் என்னத்துக்குத் தன்ரை பரம்பரைக்குத் தானே சேறு பூசுது? ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது எண்டுவினம். என்ரை கையும் அப்பிடித்தான். "பூட்டனார் அண்டைக்கு வேறை அலுவலாய் வெளியூர் போயிருந்தார்" எண்டு அடிச்சன். உள்ளதைச் சொல்லுறன், அடிச்சு முடிய எனக்குப் பெருமையாய் இருந்தது.

வாசிச்சுக் காட்டட்டோ எண்டு கேட்டனான்தான். "மற்றதெல்லாம் வாசியுங்கோ. அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம். எத்தினையோ தரம் எழுதிக் கிழிச்சது, திரும்பக் கேக்க என்னாலை ஏலாது" எண்டார். எனக்கு அப்பாடா எண்டிருந்தது. அவர் கேட்டபடி அந்தப் பக்கத்திலை ஒரு அடையாளம் மட்டும் வைச்சுக் குடுத்தன்.

ஒரு ஞாயிறு பின்னேரம் நான்தான் அவரை யூனியன்வில்லுக்குக் காரிலை கூட்டிக்கொண்டு போனன். அங்கிள் கோட்டுப் போட்டு, கோட்டுப் பைக்குள்ளை ஒரு சின்னச் சீனிப் பொட்டலம் வைச்சிருந்தார். அந்த அம்மா தேத்தண்ணி தந்தா. அங்கிள் கதிரையிலை இருக்கேல்லை. நிண்டபடி ரெண்டு கையாலையும் புத்தகத்தைக் குடுத்து, "அடையாளம் வைச்ச பக்கத்தை வாசியுங்கோ" எண்டார்.

அவ வாசிச்சா. திரும்பவும் வாசிச்சா. "இதிலை மன்னிக்க என்ன இருக்கு? உங்கடை பூட்டனார் அங்கை நிக்கவே இல்லையே" எண்டா. பிறகு மெல்லமாய், "எங்கடை வீட்டிலை தலைமுறை தலைமுறையாய் அவர் நிண்டவர் எண்டுதான் சொல்லுறது. அப்ப நாங்கள்தான் வீண்பழி சொல்லியிருக்கிறம். நீங்கள்தான் எங்களை மன்னிக்க வேணும்" எண்டு அங்கிளைப் பாத்துக் கும்பிட்டா.

ஐயோ, அங்கிளின்ரை முகம்! "அப்பிடியோ எழுதியிருக்கு?" எண்டார். "ஒரு தரம் பயத்திலை அப்பிடியும் எழுதினனான். அந்தத் தாளைத்தான் குடுத்திட்டன் போலை. நானும் அவரின்ரை ரத்தம்தானே." பிறகு மங்கல் கண்ணாலை என்னைத் தேடினார். "சிஸ்டர், நீங்கள்தானே பாத்து அடிச்சனீங்கள். நான் என்ன எழுதியிருந்தனான்?"

ரெண்டு பேரும் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டினம்.

"நான் கவனிக்கேல்லை அங்கிள். தந்ததை அடிச்சன்" எண்டன்.

திரும்பி வரேக்கை சீனிப் பொட்டலம் பிரிக்காமல் அவரின்ரை மடியிலை கிடந்தது. அந்தப் பனிக்காலம் முடிய முன்னம் செத்துப்போனார். அவரின்ரை கையெழுத்துத் தாள் இண்டைக்கும் என்னட்டைத்தான் இருக்கு. காரிலை காமணித்தியாலம் போய் அந்த அம்மாவிட்டை உண்மையைச் சொல்ல மனம் வராத நாய் நான்.

யூனியன்வில் அம்மா, நீங்கள் ஆரிட்டையும் மன்னிப்புக் கேக்கத் தேவையில்லை. உங்கடை வீட்டிலை சொன்னதுதான் சரி. பூட்டனார் அறைக்குள்ளை நிண்டவர், கண்டவர். அங்கிள் அப்பிடித்தான் எழுதித் தந்தவர். மாத்தினது நான்.