சொம்புக்கு வேர்த்த நாள்

எங்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்த வருஷம் நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். தாடிக்கொம்பில் எங்கள் தெருவுக்கே அது மூன்றாவது ஃப்ரிட்ஜ். சம்பங்கி விற்ற பணத்தில் அப்பா வாங்கியது. மற்றவர்களுக்கு அதில் என்னென்னவோ இருந்தன. எனக்கு ஓர் எவர்சில்வர் சொம்பு மட்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதை எடுத்துப் பல் கூசக் கூசக் குடிப்பேன். அந்தச் சொம்பைத் தொடுவது நான் ஒருத்திதான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஐப்பசியில் வகுப்பில் நீர்ச் சுழற்சி நடத்தினார்கள். கடலிலிருந்து மேலே ஓர் அம்பு, மேகத்திலிருந்து கீழே ஓர் அம்பு. படத்தை அழகாக வரைந்துவிட்டேன், பாடம்தான் மண்டையில் ஏறவில்லை. தண்ணீர் மேலே போகிறதென்றால் அதை ஏன் யாரும் பார்த்ததில்லை? அவ்வளவு தூரம் ஏறிய தண்ணீர் எதற்காகத் திரும்பி இறங்குகிறது? டீச்சரிடம் கேட்டேன். "அதான் அம்பு போட்டுருக்குல்ல" என்றார்.

வீட்டில் இதையெல்லாம் கேட்கக்கூடிய ஒரே ஆள் அத்தை. அப்பாவின் தங்கை. திண்டுக்கல்லில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள், இயற்பியல், கடைசி வருஷம். நான் கேட்டதும் ஃப்ரிட்ஜிலிருந்து என் சொம்பை எடுத்து, துண்டால் நன்றாகத் துடைத்துத் தரையில் வைத்தாள். செத்த நேரத்தில் அதன் மேலெல்லாம் முத்து முத்தாக வேர்த்தது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்தன.

"உள்ளருந்து கசியுதாத்தே?"

"சொம்புல ஓட்டையா இருக்கு? இது காத்துல இருக்குற தண்ணி. கண்ணுக்குத் தெரியாது, குளுந்தது மேல பட்டா துளியாயிரும். மேல போகப் போக இதே மாதிரி குளிருதான். அங்க சொம்பு கெடையாது, அதனால தூசியப் பிடிச்சு ஒட்டிக்கிரும். அம்புட்டுத்தான் மேகம். துளியும் துளியும் சேந்து கனத்துப்போய், காத்தால தாங்க முடியலன்னா மழை."

இது எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. அன்று முழுக்க மூச்சு விடவே யோசனையாக இருந்தது. காற்றோடு தண்ணீரையும் இழுத்தால் புரையேறாதா?

அந்தச் சமயம் அத்தை மதுரைக்குப் போய் மேலே படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாத்தா காது கொடுக்கவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை ஜாதகம் வந்திருந்தது. சொந்தத்தில் காய்கறி மண்டி, ஒரே பையன். தாத்தாவுக்கு இரண்டு நாளாகக் கால் தரையில் படவில்லை. இங்க் பேனாவில் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன்னால் மேஜையில் வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பொருத்தம் பார்க்க ஜோசியர் வருவதாக ஏற்பாடு.

அன்று மத்தியானம் அப்பா சந்தைக்குப் போயிருந்தார், அம்மா தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். தாத்தா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். அத்தை உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள். நான் தெருவில் விளையாடிவிட்டு, தாகத்தோடு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். சொம்பைக் காணோம். தேடிப் பார்த்தால் அது மேஜையில், ஜாதகத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. பதறிப்போய்த் தூக்கினேன். அடியில் பன்னிரண்டு கட்டமும் ஒரே நீலக் குளமாகக் கிடந்தன. அந்த நேரம் பார்த்துத் தாத்தா எழுந்து வந்தார்.

"ஏ புள்ள! என்ன காரியம் செஞ்சுபுட்ட!"

அவர் போட்ட சத்தத்தில் தோட்டத்திலிருந்து அம்மா ஓடி வந்தாள். பின்னாலேயே சந்தையிலிருந்து அப்பாவும் வந்து சேர்ந்தார்.

"நான் கொட்டலப்பா. சொம்பு நெறையத் தண்ணி அப்படியே இருக்கு பாருங்க. இது காத்துலருந்து வந்தது."

"காத்து வந்து சாதகத்த நனைச்சிட்டுப் போச்சாக்கும்?" என்றார் அப்பா. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "செய்யுறதயும் செஞ்சுட்டுப் பேச்சப் பாரு."

அறை வாசலில் புத்தகத்தோடு அத்தை நின்றாள். எனக்கு உயிர் வந்தது. "அத்தே, நீ சொல்லுத்தே! காத்துல தண்ணி இருக்குதானே?"

அத்தை புத்தகத்தின் ஓரத்தை மடக்கி மடக்கி விரித்தாள். "எனக்கென்ன தெரியும்? நான் படிச்சிக்கிட்டிருந்தேன்."

இரண்டாவது அடி விழுந்தது. ஆனால் எனக்கு அது வலித்ததாக ஞாபகம் இல்லை. அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாத்தா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சனி எங்க, செவ்வா எங்கன்னே தெரியல. வேற எழுதி வாங்கலாம். ஆனா வீடு தேடி வந்த சாதகம் சாமி முன்னாடியே அழிஞ்சுருச்சே, இனி இது தோதுப்படாது" என்றார். ஜோசியருக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒட்டன்சத்திரத்துக்குப் பொருத்தமில்லை என்று தகவல் போனது. சொம்பை அங்கே வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. அந்த மத்தியானம் வீட்டுக்குள் விழித்திருந்த ஆள் ஒருத்திதான் என்பது எனக்கும் தோன்றவில்லை.

என் குழப்பம் வேறு. மறுநாளிலிருந்து சொம்பைத் துடைத்து வைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேர்த்தது. அப்படியென்றால் அத்தை முதலில் சொன்னது நிஜம். பிறகு தெரியாது என்றாளே, அதுவும் நிஜமாகத்தானே இருக்க வேண்டும்? பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அத்தைக்குப் பாடம் மறந்துவிட்டது. பங்குனியில் பரீட்சையை வைத்துக்கொண்டு இப்படி மறந்தால் எப்படி? ஃபெயிலாகிப்போவாளே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் செய்துகொண்டிருந்தபோது, என் அறிவியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அத்தைக்கு முன்னால் உட்கார்ந்தேன். "கவனி" என்று சொல்லிவிட்டு, கடலில் ஆரம்பித்து மேகம் வரைக்கும் ஒன்றுவிடாமல் நடத்தினேன். அத்தை தலையைக் குனிந்தபடி "ம்" கொட்டினாள். துளியும் துளியும் சேருகிற இடத்தை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன் பாப்பா. என்னைய மன்னிச்சுரு."

பாடம் மறந்ததற்குப் போய் இவ்வளவு அழுவார்களா என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழுகாதத்தே. எனக்கும் மொதல்ல புரியல. இன்னும் ரெண்டு தடவ படி, வந்துரும்."