மழையில் வீடு காட்டிய வீராயி

வீராயி சிரித்தால் ஏணி ஆடும். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ளும் அவள் புருஷன் பக்கிரி, "சிரிக்கிறதுன்னா எறங்கி வந்து சிரிடி!" என்று கத்துவான். அவன் கத்துவதைப் பார்த்து அவளுக்கு இன்னும் சிரிப்பு வரும். வாளியிலிருந்து சுண்ணாம்பு அவன் தலையில் சிந்தும்.

புதுச்சேரியில் பதினெட்டு வருஷமாக வெள்ளையடித்தவள் அவள். வருகிற விருந்தாளிக்குத் தெரியாமல் சுவர் விரிசலைக் காலண்டர் மாட்டி மறைக்கலாம். ஆனால் வெள்ளையடிக்க வருகிறவளுக்காகக் காலண்டரைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? எந்தத் தெருவில் எந்த வீட்டுச் சுவரில் ஓதம் ஏறும், எந்த உத்திரத்தில் கரையான் புகுந்திருக்கிறது, எந்த அடுப்படிப் புகை கூடத்துக்கு வரும், எல்லாம் வீராயிக்கு அத்துப்படி. அதை வைத்து ஒரு பிழைப்பு நடத்தலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியதில்லை. 1957 ஐப்பசியில் ஒரு நீல வீடுதான் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

தவளக்குப்பத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை கலியபெருமாள். மில்லில் ஃபிட்டர் வேலை கிடைத்திருந்தது. தினமும் சைக்கிள் மிதித்து வந்துபோனதில் முழங்கால் விட்டுப்போய், டவுனிலேயே ஒரு வீடு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தான். அவன் மனைவி அமிர்தவல்லி, "யாராச்சும் ஒரு தரகரைப் பார்க்கலாமே" என்றாள்.

"நமக்குக் கண்ணு இல்லையா? தரகனுக்கு எதுக்குத் தண்டம் அழுவணும்? நாலு தெரு சுத்தினா வீடு தானா ஆப்புடும்."

தானாகத்தான் அகப்பட்டது. முத்தியால்பேட்டையில், ஓட்டுக்கூரை போட்ட சின்ன வீடு. உள்ளும் புறமும் நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்து, புதுப்பெண் மாதிரி நின்றது. கலியபெருமாள் கூடத்தின் நடுவில் நின்று மூன்று தரம் சுற்றினான். மறுநாளே அட்வான்ஸ் கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்தான்.

கொல்லைப்புறத்தில் வீராயி சுண்ணாம்பு மட்டையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அமிர்தவல்லி அவளிடம் போய், "யக்கா, நீங்கதான் அடிச்சீங்களா? செவுரு கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு" என்றாள்.

வீராயி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை, சிரிப்பு வந்தது. முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து முறைத்தார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக ஓடியே போய்விட்டாள்.

அமிர்தவல்லிக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடித் தெருமுனையில் பிடித்தாள். "எதுக்கு யக்கா சிரிச்சீங்க?"

"அந்த மனுசன் கையில கூலி வாங்கினவ நானு. அவரு வீட்டப் பத்தி என் வாயால ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், தங்கச்சி. ஆனா ஒண்ணு, ஒரு மழ பெய்யட்டும். மழ நின்னதும் வந்து பாரு. அதுக்கு முன்னால ஒத்த ரூபாய் எடுத்து நீட்டாத."

கலியபெருமாள் முணுமுணுத்தான். வெள்ளையடிக்கிறவள் பேச்சைக் கேட்டு வாக்குத் தவறுவதா என்றான். அமிர்தவல்லி அன்று ராத்திரி சோறு போடவில்லை. அதனால் ஒரு வாரம் பொறுப்பது என்று ஆயிற்று.

நான்காம் நாள் மழை பிடித்தது. கடலைத் தூக்கி ஊர்மேல் கவிழ்த்த மாதிரி இரண்டு நாள் கொட்டிவிட்டு நின்றது. இருவரும் முத்தியால்பேட்டைக்குப் போனார்கள். வீட்டுக்காரர் கதவை அரை சாண் திறந்து, "இன்னைக்கி நாளு சரியில்ல, அப்புறமா வாங்க" என்றார். "அட, ஒரு நிமிசம்" என்று கலியபெருமாள் உள்ளே நுழைந்து, கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையோடு சுவரில் சாய்ந்துகொண்டு பேசினான். ஓதத்தைப் பற்றிக் கேட்டான். "நம்ம வீட்டுலயா? ஓதமா?" என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். கலியபெருமாளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. விடைபெற்றுத் தெருவில் இறங்கினான்.

தெருவே அவன் முதுகைப் பார்த்துச் சிரித்தது. பாதிச் சுவர் அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அமிர்தவல்லி நெற்றியில் அடித்துக்கொண்டு, பிறகு அவளும் சிரித்து, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் கலியபெருமாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டையைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அவனுக்கும் சிரிப்பு வந்தது.

அன்றைக்கே வீராயியைத் தேடிப் போனார்கள். "யக்கா, நீங்களே எங்களுக்கு ஒரு வீடு பார்த்துக் குடுங்க. தரகு என்ன உண்டோ அதக் குடுத்துடறோம்" என்றாள் அமிர்தவல்லி.

"நானா? தரகரா?" வீராயி பக்கிரியைப் பார்த்தாள். பக்கிரி அவளைப் பார்த்தான். "ஏ, இவங்க என்னைத் தரகருங்குறாங்கய்யா!" அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. நாளைக்கு மறுபடியும் மழ வரும். காலையில கெளம்பி வாங்க" என்றாள்.

"மழையில எப்பிடிம்மா வீடு பார்க்குறது?"

"வெயில்ல எல்லா வீடும் நல்ல வீடுதான் தம்பி. மழையில பார்த்தாத்தான் அதோட கொணம் தெரியும்."

மறுநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை ஐந்து வீடு. கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீராயி முன்னால் ஓட, ஒரே குடையில் இரண்டு பேரும் பின்னால் ஓடினார்கள். விற்கிறவர்கள் மழையில் வாசலில் நிற்கும் மூன்று பேரையும் பார்த்துத் திகைத்தார்கள். வீராயி யாரையும் கேட்காமல் உள்ளே போய்ச் சுவரை விரல் முட்டியால் தட்டுவாள். மூலைக்கு மூலை மோந்து பார்ப்பாள். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். முதல் வீடு நன்றாயிருந்தும், தெருத்தண்ணீர் படியேறி உள்ளே வந்தது. இரண்டாவது வீட்டுக் கிணறு இரண்டு குடும்பத்துக்குப் பொது. அந்தக் கிணற்றடியில் நடக்கிற சண்டையைத் தாங்க இரும்புக் காது வேண்டும் என்றாள். மாடி வைத்த மூன்றாவது வீட்டைப் பார்த்ததும் கலியபெருமாள் அசையமாட்டேன் என்றான்.

"பால்கனி இருக்கு பாருங்க! சாயங்காலம் நாற்காலி போட்டு ஒக்காரலாம்."

"ஒக்காரலாம் தம்பி. ஆனா உத்தரத்துல கரையான் உங்களுக்கு முன்னாலயே ஒக்காந்திருக்கு." அவள் கழியால் தட்ட, உத்திரத்திலிருந்து தூள் பொலபொலவென்று அவன் தலையில் கொட்டியது.

நான்காவதில் எங்கு பார்த்தாலும் ஒழுகல். நனைந்து, பசித்து, சேற்றில் ஒரு தடவை மூவருமாகச் சேர்ந்து வழுக்கி விழுந்து எழுந்து, குருசுக்குப்பத்துக்கு வந்தார்கள். கடலுக்கு இரண்டு தெரு தள்ளிச் சின்ன வீடு. கூடம், இரண்டு அறை, முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரம். மழை முற்றத்தில் இறங்கி, சத்தமில்லாமல் தூம்பு வழியாக வெளியே போயிற்று. சுவர் எலும்பாக உலர்ந்து நின்றது. வீராயி சுவரைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். அமிர்தவல்லி ஈரப்புடவையோடு முற்றத்தில் இறங்கி நின்று, முகத்தை மழைக்குக் காட்டிக் கண்ணை மூடினாள். கலியபெருமாள் பால்கனியை மறந்துபோனான்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் தணிகாசலம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்; சிப்பாய்க்கான பிரெஞ்சுப் பேரில் சொல்தா தாத்தா என்றால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியும். மகன் பாரீசில் இருக்கிறான், வரச் சொல்லிக் கடிதமாக எழுதுகிறான். விற்றுவிட்டுக் கப்பல் ஏறவேண்டும். விலை ஒரே பேச்சில் முடிந்தது.

"எனக்குச் செவுரு தெரியும், காயிதம் தெரியாது" என்று வீராயி சொல்லிவிட்டாள். "நொத்தேர் கிட்ட போயி பத்திரத்தப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் பணம்."

பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேரின் அலுவலகத்தில் குமாஸ்தா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பிரெஞ்சுப் பத்திரத்தைப் படித்தார். "வீட்டில் பாதி தங்கை அன்னக்கிளிக்குப் பாத்தியம். அந்த அம்மா கையெழுத்து வேணும்."

"அவ செத்துட்டா, முசியே" என்றார் தணிகாசலம்.

குமாஸ்தா பேனாவை எடுத்தார். "எந்த வருஷம்?"

"செத்துட்டாங்களா?" மூலையில் நின்ற வீராயி அலறினாள். "ஐயய்யோ, போன மாசம் உழவர்கரையில அந்தம்மா வீட்டுக்கு நான் வெள்ளையடிச்சேனே! பலகாரம் குடுத்தாங்களே! எப்ப செத்தாங்க?"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. தணிகாசலத்தின் மீசை துடித்தது. "எனக்குச் செத்துட்டா! பதினாலு வருசமாச்சு!"

குமாஸ்தா பேனாவை மூடினார். "மன்னிக்கணும் முசியே. உங்களுக்குச் செத்தா போதாது. சர்க்காருக்குச் சாகணும்."

வெளியே வந்ததும் கலியபெருமாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். வீராயி உட்காரவில்லை. தணிகாசலத்தின் கையைப் பிடித்து இழுத்து ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றினாள். "வாங்க ஐயா. கையெழுத்து வேணாமுன்னாலும் பரவாயில்ல. அந்தம்மா அதிரசம் ஒண்ணு தின்னுட்டு வந்துடலாம்."

"அவ அதிரசமா? கல்லு மாதிரி இருக்கும்!" என்றார் அவர். ஆனால் இறங்கவில்லை. கலியபெருமாளும் இன்னொரு ரிக்‌ஷாவில் பின்னாலேயே வந்தான்.

உழவர்கரையில் அன்னக்கிளி கதவைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். வீராயி கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "யம்மா, உங்க அண்ணன் உங்கள நொத்தேர் ஆபீசுல கொன்னுட்டாரு! வந்து என்னான்னு கேளுங்க!" என்று கூவினாள். கதவு படாரென்று திறந்தது.

பிறகு நடந்த சண்டையை உழவர்கரை ரொம்ப நாள் பேசியது. அம்மா செத்தபோது ஏன் தந்தி அடிக்கவில்லை என்று அவர். அடித்த தந்தியைப் பட்டாளத்தில் யார் தின்றது என்று அவள். தந்தி அடித்தாயா என்று அவர். அடித்தேன், ரசீது இருக்கிறது என்று அவள் பெட்டியைத் திறந்து, ஓரம் மக்கிப்போன ரசீதைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். தணிகாசலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். அன்றைக்குத் தான் கப்பலில் இருந்ததை விரல்விட்டு எண்ணினார்.

"கப்பல்ல இருந்தேன் அன்னம்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு வந்து சேரவே இல்ல."

அன்னக்கிளி அவர் கையிலிருந்த ரசீதை வாங்கி மடித்தாள். அப்புறம் உள்ளே போய்த் தட்டு நிறைய அதிரசத்தோடு வந்தாள். தணிகாசலம் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"கல்லுதான்."

"பல்லு போயிடிச்சின்னு சொல்லு!"

இரண்டு பேரும் ஒரே மாதிரி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார்கள். வீராயி அழுதாள், சிரித்தாள், விக்கல் வந்து அவதிப்பட்டாள். கலியபெருமாள் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மறுவாரம் கையெழுத்தாயிற்று. தை பிறந்ததும் பால் காய்ச்சினார்கள். தவளக்குப்பத்திலிருந்து இரண்டு மாட்டுவண்டி நிறைய சனம் வந்து இறங்கியது. கலியபெருமாள் வெற்றிலை பாக்கோடு தரகைத் தட்டில் வைத்து, மாமியார் வீட்டுச் சீர் மாதிரி இரண்டு கையாலும் வீராயியிடம் நீட்டினான். "தண்டம்னு சொன்னேன். அந்த வாயால மன்னிப்பும் கேட்டுக்கறேன்."

"சொன்னீங்களா? எப்ப?" என்றாள் அவள்.

"உங்ககிட்ட சொல்லல யக்கா, என்கிட்டதான் சொன்னாரு" என்றாள் அமிர்தவல்லி.

தணிகாசலம் மாசியில் கப்பலேறினார். வழியனுப்ப அன்னக்கிளி கூடை நிறைய அதிரசம் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு தவளக்குப்பத்துக்காரர் எவர் டவுனில் வீடு வாங்கினாலும் முதலில் வீராயி வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் என்று, மில் தொழிலாளிகளும் வந்தார்கள். எல்லா வீடும் அவளுக்குச் சரியாக அமைந்தது என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் சுவர், கிணறு, கூரை எல்லாம் பார்த்தவள், பக்கத்து வீட்டுக்காரன் விடிகாலையில் கிளாரினெட் பழகுவதைக் கவனிக்காமல் விட்டாள். வாங்கினவர்கள் ஒரு வருஷம் அவளை ஏசினார்கள். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்து, பிரான்சுக்குப் போவதா இருப்பதா, எந்த நாட்டுக் குடிமகனாக இருப்பது என்று பாதி ஊர் யோசித்துக்கொண்டிருந்தபோது, விலைக்கு வந்த வீடுகளால் அவளுக்குச் சாப்பிட நேரமில்லை. ஏணியைப் பக்கிரியிடம் விட்டுவிட்டாள்.

அந்த வருஷம்தான் பக்கிரி அவளுக்குத் தெரியாமல் பெயிண்டரிடம் சொல்லி ஒரு பலகை எழுதி வாங்கிவந்து வாசலில் மாட்டினான். பெரிய எழுத்தில் தமிழ், கீழே சின்ன எழுத்தில் பிரெஞ்சு. வீராயி வெளியே வந்து பார்த்து, இடுப்பில் கைவைத்து, "என்னாய்யா எழுதியிருக்கு?" என்றாள். அவனுக்கும் படிக்கத் தெரியாது. தெருவில் போன தபால்காரரைக் கூப்பிட்டாள்.

"வீராயி. வீடு பார்த்துத் தரப்படும்" என்று படித்தார் அவர்.

"இன்னொரு தரம்."

படித்தார். அவள் போதாதென்று கீரை விற்கிறவளைக் கூப்பிட்டாள், அவளுக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்களை நிறுத்தினாள். அவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து ராகம் போட்டுப் படிக்க, வீராயி சிரித்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்து, "கீழ இருக்கறதையும் படிங்கடி, பிரெஞ்சுல நான் யாருன்னு கேட்போம்!" என்றாள்.